தன்னையே மூடிக்கொண்ட தடை அலுவலகம்

இணையத் தடை அலுவலகத்தில் இயக்குநர் சந்திரசூடன் வைத்ததுதான் சட்டம். இணையக் காசைக் குறிக்கும் கிரிப்டோ என்ற சொல் எந்தத் தளத்தில் இருந்தாலும் அவருடைய கருவி அதைத் தானாக மூடிவிடும். தையல்காரி செல்லக்கனியின் தளமும் அப்படித்தான் மூடப்பட்டது. கிரிப்டோ மோசடிக்காரர்களின் பெயர்களைப் போட்டு ஊரை எச்சரித்துவந்த தளம் அது.

அவள் நேரில் போய் நின்றாள்.

"ஐயா, என் தளம் இல்லாம நாளைக்கே நாலு பேர் ஏமாந்துடுவாங்க."

"அந்தச் சொல்லே இல்லாம எச்சரிக்கை எழுதிட்டு வா, திறந்து விடறேன்" என்று அவர் சிரித்தார்.

"எனக்கு ஏதுங்க அவ்வளவு படிப்பு? நீங்க போட்ட தடை உத்தரவைப் பாத்துப் படிச்சுக்கறேன். விதிப்படி அது உங்க தளத்துல இருக்கணுமாமே, இன்னும் காணோமே?"

"எனக்கே விதி சொல்றியா?" என்று உறுமியவர், உத்தரவைத் தன் கையாலேயே அலுவலகத் தளத்தில் ஏற்றினார்.

மறு நிமிடம் அந்தத் தளம் மூடிக்கொண்டது. மேலிடத்துத் தொலைபேசி அலறியது.

"இப்ப என்னம்மா செய்யறது?" என்றார் சந்திரசூடன், வேர்த்து வழிய.

"அந்தச் சொல் இல்லாம ஒரு உத்தரவு எழுதிப் பாருங்களேன், ஐயா."

மாலைக்குள் அந்தக் கருவியை நிறுத்திவிட்டார்கள். முதலில் திறந்தது செல்லக்கனியின் தளம்.