மூன்றாவது போர்டு

பல்கீஸ் டீச்சரிடம் வந்து சேர்ந்தபோது இசக்கிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. டீச்சருக்கு முப்பத்தாறு.

இசக்கிமுத்து நாற்பது வருஷமாக மைக் செட் போடுகிறவர். நடுவக்குளத்தைச் சுற்றி எந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். டீச்சர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டார். மேலப்பாளையத்தில் பீடி இலை மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியின் மாடியில் அறை பிடித்து, இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபையர் என்று வருவதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் இசக்கிமுத்து ஒரு புது ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

"இரையுது டீச்சர். இந்த இரைச்சல் போகணும்."

டீச்சர் காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனார். "எல்லாத்துலயும் இவ்வளவு இருக்கும் அண்ணாச்சி. கூட்டத்துல தெரியாது."

"தெரியும். எங்க வீட்டுக்காரி குரல் இப்ப இதவிடச் சின்னது."

அவர் மனைவி பேச்சித்தாய் வில்லுப்பாட்டுக்காரி. நடுவக்குளம் அம்மன் கோயில் கொடையில் மதியக் கதை இருபத்தேழு வருஷமாக அவளுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் ஒரு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் நூலாகிப் போனது. அதற்குப் பிறகு அவள் வில் முன்னால் உட்காரவில்லை. இந்த வருஷமும் உட்காராவிட்டால் வேறு வில்லுப்பாட்டுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. கொடைக்கு நான்கு மாதம் இருந்தது.

"மைனி இப்பப் பாடுதாங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"அடுப்படியில, தனக்குத்தானே. நான் உள்ள போனா நிறுத்திருவா."

டீச்சர் அந்த ஆம்ப்ளிஃபையரைத் தள்ளி வைத்தார். பிறகு, "புதுசா ஒண்ணு செய்யணும்" என்றார்.

"செஞ்சு குடுங்க."

"நீங்கதான் செய்யணும்."

"நான் எட்டாங்கிளாஸ் டீச்சர்."

"சர்க்யூட் போர்டு சர்ட்டிபிகேட் கேக்காது அண்ணாச்சி."

மறுநாளிலிருந்து அவர் வரத் தொடங்கினார்.

டீச்சர் முதலில் அவருக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரைக் காட்டினார். உள்ளங்கை அளவு. கிளாஸ் டி என்றார். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இசக்கிமுத்து விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் பழகிய ஆம்ப்ளிஃபையர்களை ரெண்டு ஆள் தூக்க வேண்டும். அரை மணி ஓடினால் அதன் மேல் தோசை வார்க்கலாம். இது மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது.

டீச்சர் அதன் சிப்பின் ஒரு காலில் ஆசிலாஸ்கோப்பின் கம்பியை வைத்தார். எதிரே இருந்த திரையில் வரிசையாகக் கம்புகள் நட்ட மாதிரி ஒரு வேலி தெரிந்தது. சில கம்பு தடியாக, சில கம்பு ஒல்லியாக.

"என்ன இது?"

"பாட்டு."

"பாட்டு வளைஞ்சு நெளிஞ்சு வரணுமே. இது என்ன, நிக்குது?"

"இதுக்குத் திறக்கவும் மூடவும் மட்டும்தான் தெரியும். ஒரு செகண்டுக்கு நாலு லட்சம் தடவ திறந்து மூடும். பாதி திறக்கிற சோலியே கிடையாது. அதான் சுடல."

டீச்சர் கம்பியைப் பாக்கு அளவு ஒரு கம்பிச் சுருளுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார். வேலி மறைந்தது. திரையில் ஒரு அலை எழுந்து, தாழ்ந்து, குழைந்து, மறுபடி எழுந்தது. பாடுகிறவர் இழுத்த இடத்தில் அதுவும் இழுத்தது.

இசக்கிமுத்துவின் இரண்டு கைகளும் தாமாக நெஞ்சுக்கு நேரே வந்து குவிந்தன. அதைக் கவனித்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நடுவுல இந்தச் சுருள் மட்டும்தானா டீச்சர்?"

"அதுவும் ஒரு கெப்பாசிட்டரும்."

"அது எப்படி வேலியப் பாட்டாக்குது?"

"அது ஒவ்வொரு கம்பையும் பாக்காது. எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுன்னு மட்டும் மொத்தமாப் பாக்கும்."

அன்று பஸ்ஸில் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டே அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

போர்டு வரைய ஒரு மாதம் ஆனது. கட்டம் போட்ட தாளில் வரைவார், டீச்சர் பார்ப்பார், அழிப்பார். கடைசியில் டீச்சர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வழவழப்பான தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். இசக்கிமுத்து வீட்டில் செம்பு பூசிய தகட்டின் மேல் அந்தத் தாளைக் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தார். மை தகட்டில் ஒட்டிக்கொண்டது. பிறகு செம்பை அரிக்கும் பெரிக் குளோரைடு கரைத்த பிளாஸ்டிக் தட்டில் தகட்டை இட்டு மெல்ல ஆட்டினார்.

வயரைக் கொண்டுபோய் ஒட்டுவதுதான் வேலை என்று அவர் நினைத்திருந்தார். இங்கே வேலை வேறு மாதிரி இருந்தது. மை மூடாத, வழி அல்லாத செம்பெல்லாம் அந்தக் காவித் தண்ணீரில் கரைந்துகொண்டே போனது. கடைசியில் மிஞ்சியது அவர் வரைந்த வழி மட்டும்.

பேச்சித்தாய் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாடணும்னு யாரு கேட்டா?" என்றாள். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் குரல்.

"நான் கேட்டேன்."

"கூட்டம் சிரிக்கும்."

அவர் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் வந்து தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் போர்டு பார்க்க அம்சமாக இருந்தது. பந்தல்கால் நட்ட மாதிரி நேர் நேரான கோடுகள். பேட்டரியைக் கொடுத்ததும் ஸ்பீக்கரில் ஒரு வண்டு ரீங்காரம் போட்டது. மைக்கில் பேசினால் அந்த வண்டும் சேர்ந்து பேசியது. இசக்கிமுத்து இரண்டு நாள் ஒவ்வொரு சால்டர் ஒட்டாகத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் டீச்சர் இருக்கு. ஆனா இரையுது."

டீச்சர் போர்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"கீழ வாசல்ல வச்சுட்டு வாங்க. சிந்தக்கூடாது."

அந்த நேரம் கீழே லாரி வந்து நின்றிருந்தது. லோடுமேன்கள் பக்கத்து அறையிலிருந்து பீடி இலை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் போகும் அகலம்தான் படி. இசக்கிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டுப் படி இறங்கினார். ஒன்பதாவது படியில் பின்னாலிருந்து ஒரு மூட்டை அவர் முதுகில் உரசியது. பாதித் தண்ணீர் சட்டையில்.

மேலே திரும்பி வந்தார்.

"தண்ணி மேல தப்பா அண்ணாச்சி?"

"இல்ல."

"மூட்ட தூக்குதவங்க மேல?"

"அவங்க வேலய அவங்க பாக்காங்க."

டீச்சர் போர்டை அவர் கையில் வைத்தார்.

இசக்கிமுத்து பார்த்தார். பேட்டரியிலிருந்து போகிற வழி, ஸ்பீக்கருக்குப் போகிற வழி, மைக்கிலிருந்து வருகிற வழி, எல்லாம் அவர் ஆசை ஆசையாக வரைந்தவை. போன கரண்ட் திரும்பி வர வேண்டிய வழியைக் கடைசியில், மிச்சம் கிடந்த ஓரத்தில், ஒரே ஒரு மெல்லிய கோடாக இழுத்துவிட்டிருந்தார். ஸ்பீக்கரை உதைத்துவிட்டு வருகிற முரட்டுக் கரண்டும், மைக்கின் அந்தத் துளிக் கரண்டும் ஒரே படியில் இறங்கிக்கொண்டிருந்தன.

"போறதுக்கு ராஜபாட்ட போட்டிருக்கேன். வாரதுக்கு முடுக்குச் சந்து" என்றார்.

டீச்சர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார், சட்டையைத் துடைத்துக்கொள்ள.

இரண்டாவது போர்டில் ஸ்பீக்கர் கரண்டும் மைக் கரண்டும் திரும்பி வரும் வழிகளைத் தனித்தனியாகப் பிரித்தார். இதற்கும் அதற்கும் எங்கேயும் ஒட்டு உறவு இல்லை. நல்ல அகலமாக, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு. இந்தத் தடவை அவருக்குச் சந்தேகமே இல்லை. பேட்டரியைக் கொடுத்தார். ஸ்பீக்கர் ஒரு அலறு அலறி, வயிறு கிழிந்து நின்றது.

டீச்சர் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். இசக்கிமுத்து பேட்டரி வயரைக் கழற்றினார். கொடைக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் பிரிச்சேன்" என்றார்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, வீட்ல நீங்களும் மைனியும் ஒரு நாளைக்கு எங்க எங்க பாத்துக்கிடுவீங்க?"

என்ன கேள்வி இது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் யோசித்தார். "நான் செட்டுக் கொட்டகையில கிடப்பேன். அவ அடுப்படி, தோட்டம். மத்தியானம் சாப்பிட உக்காருவோம். அங்கதான்."

"அந்த ஒரு இடம்தானா?"

"ஒரு இடம்தான்."

"அதுவும் இல்லன்னா?"

இசக்கிமுத்து கிழிந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மூன்றாவது போர்டை வரைய அவருக்கு ஒரு நாள்தான் ஆனது. திரும்பி வரும் வழிகளுக்கு இரண்டு அகலமான செம்பு நிலங்கள். பேட்டரி வந்து சேரும் இடத்தில், பெரிய கெப்பாசிட்டரின் காலடியில், பெருவிரல் அகலத்துக்கு இரண்டும் தொட்டுக்கொண்டன. வேறெங்கும் தொடவில்லை. டீச்சர் தாளைப் பார்த்தார். அழிப்பதற்கு ரப்பரை எடுக்கவில்லை.

பாகங்களை எல்லாம் வைத்து முடித்து, மாடியில் ஒரு காலை நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இசக்கிமுத்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

"செத்துப்போச்சு டீச்சர்" என்று வயரைப் பிடுங்கப் போனார்.

"யாரு சொன்னா?"

"உயிர் இருந்தா உறுமணும்லா. நாப்பது வருசமா நான் அப்படித்தான் பாத்திருக்கேன்."

டீச்சர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மைக் முன்னால் வைத்தார்.

டக். டக். டக்.

யாரோ மரப்படியில் ஏறி வருகிற மாதிரி அறை முழுக்கக் கேட்டது. இசக்கிமுத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. செகண்ட் முள் நகர்கிற ஓசைதான். அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கடிகாரம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

கொடை அன்று மதியம் டீச்சர் பஸ் ஏறி நடுவக்குளம் வந்தார். பந்தலில் பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கமிட்டிக்காரர்கள் தூணோரம் கை கட்டி நின்றார்கள்.

பேச்சித்தாய் வில் முன்னால் அமர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. குடம் அடிக்கிறவரிடம் குனிந்து, "தொட்டாப் போதும், அடிக்காதீங்க" என்றாள்.

இசக்கிமுத்து சுவிட்சைப் போட்டார்.

"செட்டு இன்னும் போடலையா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்போது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மூச்சு வந்தது. பேச்சித்தாய் பாடுவதற்கு முன் இழுத்த மூச்சு. பந்தலில் பின்வரிசை வரைக்கும் அது போனது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பிறகு குரல். அது பெரிதாகவில்லை. அதே நூல்தான். ஆனால் ஒவ்வொருவர் காதோரமும் அவள் வந்து உட்கார்ந்து, அவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருந்தது. அம்மன் பிறக்கிற கட்டம் வந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அவள் உச்சத்துக்கு ஏறுவாள். வில்லும் உடுக்கையும் ஜால்ராவும் கூடவே ஏறும். இப்போது அவள் இறங்கினாள். இன்னும் இறங்கினாள். வில்லை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, பிறந்த குழந்தையின் காதில் சொல்கிற மாதிரி அம்மன் பெயரைச் சொன்னாள். வில்லின் சலங்கைகள் காற்றில் தாமாக அசைந்து கிணுகிணுத்தன. அதுவும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். தூணோரம் நின்ற கமிட்டித் தலைவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

கதை முடிந்ததும் அவரே வெற்றிலைத் தட்டோடு வந்தார். "வார வருசமும் நீயே சொல்லு தாயி" என்றார். பேச்சித்தாய் தலையை மட்டும் ஆட்டினாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பந்தல் காலியானது. இசக்கிமுத்து தரையில் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் இலையில் பொங்கலோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ கதைக்கெல்லாம் நான்தான் செட்டு. ஒரு கொட விட்டதில்ல. பாட்டுல ஒவ்வொரு அடிக்கும் முன்னால அவ இப்படி மூச்சு இழுக்கான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்." அவர் டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். "முன்னால எல்லாம் இழுக்கலையா?"

"இழுத்தாங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "உங்க செட்டு பேசிக்கிட்டு இருந்துச்சு."

வயர் சுற்றிய கை அப்படியே நின்றது.