ஓனர் எங்கீங்க?

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மேஸ்திரி இருந்தார். பெயர் ரங்கநாயகி, வயது முப்பத்தெட்டு. பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளில் கோளாறு என்றால் சேலத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவருக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது அறுபத்திரண்டு.

சீடரின் பெயர் அர்த்தநாரி. நூல் மில் வைத்திருந்தவர். மில்லை விற்றுவிட்டு வண்டி வாங்க ஆரம்பித்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு ஒன்பதாகிவிட்டது. ஒன்பதும் ஜப்பான். ஒன்பதுக்கும் தனிக் கொட்டகை, தனி விளக்கு, வெல்வெட் போர்வை. "எனக்கு எப்பவாச்சும் இப்படிப் போத்தி விட்டிருக்கீங்களா?" என்று அவர் மனைவி கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இருபத்து நான்கு வயது இளையவரை மேஸ்திரி என்று அழைப்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. அந்த விஷயத்தில் அவர் பெரிய மனிதர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் பட்டறைக்குக் கேள்வியோடு வந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கோணும்ங்க."

"கேளுங்க ஐயா."

"ஆறு வருஷமா கோத்தகிரியில நடக்கற பழைய வண்டிக் கூட்டத்துக்குப் போறேனுங்க. ஆறு வருஷமும் அந்த எழுபத்திரண்டு மாடல் ஹோண்டாதான். வண்டிக்குப் பக்கத்துலயே நிக்கறேன். வர்றவங்க வண்டியப் பாக்கறாங்க. அப்புறம் என்னையப் பாக்கறாங்க. பாத்துட்டு, 'ஓனர் எங்கீங்க?'ன்னு கேக்கறாங்க."

ரங்கநாயகி சிரிக்கவில்லை.

"எத்தனை பேரு?"

"போன வருஷம் பதினாலு பேருங்க."

எண்ணி வைத்திருந்தார், பாவம்.

"அதுக்கு என்ன பண்ணுனீங்க?"

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். கெட்டியான அட்டை, ஓரத்தில் தங்கக் கரை. 'ஆர். அர்த்தநாரி, உரிமையாளர், பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள்' என்று அச்சிட்டிருந்தது. அதில் உரிமையாளர் என்பது மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்து.

"இதையும் குடுத்துப் பாத்தேனுங்க. வாங்கிப் படிச்சுட்டு, 'சரிங்க, அவரு இன்னிக்கு வரலீங்களா?'ங்கறாங்க."

"ம்."

"எப்பத்தானுங்க மேஸ்திரி நான் ஓனராத் தெரிவேன்?"

ரங்கநாயகி கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு ஹோண்டாவக் கொண்டாங்க."

ஹோண்டா மறுநாள் வந்தது. டெம்போவில் வந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கோத்தகிரிக் கூட்டத்தில் இரண்டு வரிசை உண்டு. மலையேறி ஓடி வந்த வண்டிகள் மைதானத்தின் நடுவில் நிற்கும். டெம்போவில் வந்தவை வேலியோரம் நிற்கும். இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை; ஆனால் இதுவரை யாரும் மாற்றி நிறுத்தியதும் இல்லை. வேலியோரத்துக்கு ஆறுதலாக ஒரு கப் வைத்திருந்தார்கள். கம்பெனி போட்டது போட்டபடி இருக்கும் வண்டிக்கு அந்தக் கப். ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்ப்பார். அர்த்தநாரியிடம் அந்தக் கப் இரண்டு இருக்கிறது.

"பாயிண்ட் மூடியத் தொறங்க ஐயா" என்றார் ரங்கநாயகி.

என்ஜின் தலையின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு சின்ன மூடி. இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. உள்ளேதான் மின்பொறிக்கு உத்தரவு கொடுக்கும் பாயிண்டுகள் இருக்கின்றன.

அர்த்தநாரி தன் தோல் பையைப் பிரித்து, வெளிநாட்டு ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். அழுத்தினார், திருகினார். கை வழுக்கியது. இன்னும் அழுத்தித் திருகினார். கறுக்கென்று ஒரு சத்தம். ஸ்க்ரூவின் தலை மழுங்கி, வெட்டு இருந்த இடத்தில் வட்டக் குழிதான் மிச்சம்.

"ஐயோ மேஸ்திரி! அம்பது வருஷத்து ஸ்க்ரூங்க!"

அவர் கண் கலங்கிவிட்டது. மில் கைமாறிய அன்றுகூட அவர் கண் கலங்கவில்லை.

ரங்கநாயகி மற்ற ஸ்க்ரூவைக் காட்டினார்.

"இதுல என்னங்க தெரியுது?"

"ஸ்டார் வெட்டு."

"பக்கத்துல?"

அர்த்தநாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஒரு புள்ளி இருக்குதுங்க."

"புள்ளி வெச்சிருந்தா ஜப்பான் வெட்டு. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆழம் வேற. எல்லா டிரைவரும் உக்காராதுங்க." ரங்கநாயகி மஞ்சள் பிடி போட்ட பழைய டிரைவர் ஒன்றை எடுத்து வைத்து, ஒரு திருகு திருகினார். ஸ்க்ரூ சொன்னபடி கேட்டு வெளியே வந்தது.

"வண்டிய எத்தனை வருஷமாத் துடைக்கறீங்க ஐயா?"

"ஒன்பது வருஷமா. ஞாயித்துக்கிழமை தவறாமத் துடைக்கறேன்."

ரங்கநாயகி கையிலிருந்த ஸ்க்ரூவின் புள்ளியை ஒரு முறை பார்த்தார். மழுங்கிய ஸ்க்ரூவை உளி வைத்துத் தட்டிக் கழற்றினார். இழுப்பறையில் துழாவி ஒரு போல்ட்டை எடுத்தார். பக்கத்து லேத்தில் கடைந்தது, பளபளவென்று உள்ளூர்க் களையோடு இருந்தது.

"இதப் போட்டா பூதக்கண்ணாடிக்காரர் கண்டுபுடிச்சிருவாருங்களே!"

"கண்டுபுடிச்சிருவாருங்க."

"கப்பு கெடைக்காதுங்க."

"கெடைக்காதுங்க."

"கப்பும் இல்லாம வேலியோரம் நின்னு நான் என்னங்க பண்றது?"

ரங்கநாயகி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி போல்ட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வாசலில் நின்ற டெம்போவைப் பார்த்தார்.

"இந்த வருஷம் ஓட்டிட்டே போயிரட்டுங்களா?"

"வண்டி யாருதுங்க?" என்றார் ரங்கநாயகி.

அன்று முழுக்கப் பாடம் நடந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு முனையைக் கிழித்து, பாயிண்டுகளின் இடுக்கில் விட்டு இழுத்துக் காட்டினார் மேஸ்திரி. கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

"துணி வேண்டாம், நூல் நின்னுக்கும். கெட்டிக் காயிதந்தான். சுத்தமா வர்ற வரைக்கும் இழுக்கோணும். அப்புறம் பாயிண்டுக்குப் பக்கத்துல இருக்கற இந்தக் கம்பளித் துண்டுக்கு எண்ணெய். ஒரு சொட்டு."

"ஒரே சொட்டுங்களா?"

"ஒரே சொட்டுங்க."

கிளம்பும்போது மஞ்சள் பிடி டிரைவரைக் கையில் கொடுத்தார்.

"இது போதுமுங்களா மேஸ்திரி? எங்கிட்டப் புதுப் பாயிண்ட் செட் ஒண்ணு இருக்குதுங்க. ஜப்பான் பெட்டி, இன்னும் பிரிக்கவே இல்ல. கொண்டு வரட்டுங்களா?"

"வழியில நின்னா பெட்டியப் பிரிச்சுருவீங்களா?"

அர்த்தநாரி யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அப்ப அது வீட்லயே இருக்கட்டுங்க" என்றார் ரங்கநாயகி.

சனிக்கிழமை சாயங்காலம் அர்த்தநாரி மூடியைத் தானே திறந்தார். பொருந்தி உட்கார்ந்த டிரைவரின் சுகம் அவரைப் பிடித்துக்கொண்டது. மூன்று முறை திறந்து மூன்று முறை மூடினார். ஒவ்வொரு முறையும் கம்பளித் துண்டு காய்ந்த மாதிரி தெரிந்தது. பச்சைப் பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது போல வைத்தார். ஒரு சொட்டு ஆறு சொட்டாயிற்று. ஆசை யாரை விட்டது?

இன்னொரு காரியமும் செய்தார். டெம்போ காளியப்பனுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு நான் ஓட்டிட்டுப் போறேன். நீ ஒரு பர்லாங்கு தள்ளிப் பின்னாலயே வா. யார்கிட்டயும் சொல்லாத."

ஞாயிறு காலை மேட்டுப்பாளையம் தாண்டியதும் மலை தொடங்கியது. பாக்குத் தோப்புகள் விலக, குளிர்ந்த காற்று சட்டைக்குள் புகுந்தது. இரண்டு சிலிண்டரும் சீராகப் பேசின. அர்த்தநாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் கொட்டகையில் கேட்டது சத்தம், இப்போது கேட்பதுதான் குரல் என்று தோன்றியது. மில் முதலாளிகளுக்கும் இப்படியெல்லாம் தோன்றும்.

நாலாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு சிலிண்டர் இருமியது. ஐந்தாவதில் பேச்சை நிறுத்தியது. ஆறாவதில் மற்றதும் நின்றது. வண்டியை ஓரங்கட்டி உதைத்தார். பத்து உதை உதைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

பின்னால் டெம்போ வந்து நின்றது. காளியப்பன் இறங்கினான்.

"நின்னு போச்சுங்களா? பலகையப் போடட்டுங்களா?"

அர்த்தநாரி இன்னொரு உதை உதைத்தார்.

"மைதானத்துக்கு ஒரு மைலு முன்னால இறக்கி விட்டர்றேனுங்க. அங்கிருந்து தள்ளிவிட்டுக் கௌப்பிட்டு உள்ளார போயிருங்க. ஆருக்குத் தெரியப்போகுது?"

காளியப்பன் கெட்டவன் இல்லை. ஆறு வருடப் பழக்கத்தில் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. அதுதான் அர்த்தநாரிக்குப் பயமாக இருந்தது. சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டார். அப்போது காளியப்பன் பலகையை இழுத்துப் போட்டு, வண்டியைச் சுற்றி வந்து, உரிமையோடு ஹேண்டிலைப் பிடித்தான். எந்தப் பக்கம் சாய்த்தால் ஏறும், எங்கே கயிறு கட்டலாம் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது.

"விடு காளியப்பா."

"என்னங்க?"

"பலகைய எடுத்து உள்ள வை. நீ திரும்பிப் போ."

"ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துட்டுப் போறேனுங்க."

"நீ நிக்கற வரைக்கும் ஆகாது. போ."

காளியப்பன் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, டெம்போவைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். அதன் சத்தம் ஒவ்வொரு வளைவாகக் கீழே போய், பிறகு கேட்கவே இல்லை.

அர்த்தநாரி ரோட்டோரத்தில் முழங்காலிட்டார். வெள்ளை வேட்டி மண்ணில் பட்டது. மஞ்சள் பிடியை எடுத்து, புள்ளியைப் பார்த்து, ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளூர் போல்ட்டை விரலாலேயே சுழற்றி எடுத்தார்; அதை இறுக்க மறந்திருந்தார் என்பது வேறு கதை. மூடிக்குள் எண்ணெய் வழிந்திருந்தது. சூட்டில் இளகிய ஆறு சொட்டும் பாயிண்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து பொறியை அடைத்திருந்தன.

"எல்லாம் நான் பண்ணுனதுதானா?" என்று உரக்கச் சொன்னார். வெட்கமாக இருந்தது. கூடவே, என்ன கோளாறு என்று தனக்கே தெரிந்ததில் ஒரு தெம்பும் வந்தது.

கைக்குட்டையால் கம்பளித் துண்டை ஒற்றி எடுத்தார். இனி கெட்டிக் காகிதம் வேண்டும். ரோட்டோரம் தேடினார்; ஈரச் சருகுதான் கிடைத்தது. ரூபாய் நோட்டை விட்டுப் பார்த்தார், மடங்கிக்கொண்டது. சட்டைப் பையைத் தடவினார். மூன்று விசிட்டிங் கார்டுகள்.

தங்கக் கரை போட்ட அட்டையை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை இடுக்கில் விட்டு இழுத்தார். தார் போல வந்தது. அதையே திருப்பி விட்டார். இரண்டாவது அட்டை பழுப்பாக வந்தது. மூன்றாவதை நாலு முறை இழுத்தார். கடைசி முறை அட்டையில் புதிதாக எதுவும் ஒட்டவில்லை.

மூடியைப் பூட்டினார். போல்ட்டை மறக்காமல் இறுக்கினார். எழுந்து ஒரு உதை உதைத்தார்.

இரண்டு சிலிண்டரும் பேசின.

மைதானத்தில் ரங்கநாயகி முன்பே வந்து, தன் வண்டியில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி வேலியைப் பார்க்கவே இல்லை. நேராக நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"தனியாவா வந்தீங்க ஐயா?"

"ஆறாவது வளைவுல இருந்து தனியா வந்தேனுங்க மேஸ்திரி."

ரங்கநாயகி ஒரு வாய் டீ குடித்தார்.

கூட்டத்துச் செயலாளர் பெரிய நோட்டோடு வந்தார். அந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வங்கிக்காரர். அர்த்தநாரியை முன்பின் பார்த்ததில்லை. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"ஓனர் பேருங்க? கார்டு இருந்தாக் குடுங்க, பாத்து எழுதிக்கறேன்."

அர்த்தநாரி பையில் கை விட்டார். இருந்ததைத்தானே கொடுக்க முடியும்? கொடுத்தார்.

செயலாளர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். கரியும் எண்ணெயும் விரல் ரேகையுமாக இருந்தது. தங்கக் கரை இருந்த இடமே தெரியவில்லை.

"என்னங்க இது, ஒரே கறுப்பு! ஓனர் யாருன்னே தெரியலீங்களே."

ரங்கநாயகி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். அர்த்தநாரியின் நகங்களைப் பார்த்தார், மண் படிந்த வேட்டியைப் பார்த்தார். அட்டையைச் செயலாளரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாப் பாருங்க. இப்பத்தானுங்க தெரியுது."