பதினொன்றாம் வரி

மட்டைக்கும் பந்துக்கும் தனி நாடும் தனிக் கொடியும் இருந்த காலம் அது. அந்நாட்டு அணி, ஐந்து டெஸ்ட் ஆட்டங்கள் கொண்ட தொடருக்காகக் கடல் கடந்து போகவேண்டியிருந்தது. மைதானத்து ஓரக் கொட்டகையில் தேர்வுக் குழு கூடிற்று.

குழுவின் தலைவர், ஆடுகளத்தை அழுத்திச் சமன்செய்யும் இரும்பு உருளையார். அவருக்குப் படிக்கத் தெரியாது; அதை ஒரு குறையாக அவர் கருதியதும் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக ஸ்கோர் புத்தகம் விரித்துக் காட்டும். எவர் பக்கத்தில் மை மிகுந்திருக்கிறதோ அவருக்கு இடம். எத்தனையோ ஆண்டுகளாக அதுவே வழக்கம். புத்தகமோ, கேட்டால் மட்டுமே வாசிக்கும். வாசி என்று உருளையார் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று நண்பகலுக்குள் பத்து இடங்கள் நிரம்பிவிட்டன. ரன் குவித்த மட்டைகளின் பக்கங்கள் கறுத்திருந்தன. விக்கெட்டுகளைச் சாய்த்த பந்தின் பக்கத்தில் வெள்ளையே தெரியவில்லை. எஞ்சியது விக்கெட் கீப்பர் இடம் ஒன்றுதான்.

சுவரோரத்து ஆணியில் பழைய கையுறைகள் இருவரும் தொங்கினர். வலக்கையுறை அண்ணன், இடக்கையுறை தம்பி, இருவரும் சேர்ந்தே ஓர் ஆட்டக்காரர். தம்பியின் உள்ளங்கைத் தோல் தேய்ந்து மெலிந்திருந்தது. இன்னும் ஒரு தொடரைத்தான் அது தாங்கும் என்று அவனுக்கே தெரியும். போனால் இந்த முறைதான்.

"அண்ணே, நம்ம பக்கத்தை எடுக்குறாங்க."

"தெரியுது. சும்மா ஆடாதே, ஆணி கழண்டுரும்."

புத்தகம் விரிந்தது. மேலே பெயர், அதற்குக் கீழே தும்பைப்பூ வெண்மை. மூலையில் மட்டும் இரண்டு சிறு கோடுகள்.

உருளையார் கரகரத்தார். "என்னய்யா இது? பதினாலு வருஷம் ஆடியிருக்காங்க. ஒண்ணுமே செய்யலையா?"

அடுத்து, எதிரே பளபளத்து நின்ற புதுக் கையுறைகளின் பக்கம். அவர்கள் ஆடியது ஒரே பருவம். பக்கமோ மேலிருந்து கீழ்வரை கறுத்துக் கிடந்தது. அவர்கள் பாய்ந்து விழுந்து புரள்வதைக் காணக் கூட்டம் எழுந்து நிற்கும்.

"உழைப்புன்னா இது," என்றார் உருளையார்.

தம்பி தன் தேய்ந்த உள்ளங்கையைப் பார்த்தான். வெயிலில் குனிந்து குனிந்து எழுந்த நாட்களெல்லாம் எங்கே போயின?

"அண்ணே, நாம நெசமாவே ஒண்ணும் செய்யலையோ?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் வருதுடா."

அப்போது, தேர்வானவர்கள் வரிசையிலிருந்து பந்து உருண்டு முன்னே வந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை."

"உனக்குத்தான் இடம் கொடுத்தாச்சே?"

"அதனாலதான் கேக்குறேன். நாலாம் நாள் ஆட்டத்துல தரை வெடிச்சுக் கிடக்கும். நான் எந்தப் பக்கம் எகிறுவேன்னு எனக்கே தெரியாது. ஸ்டம்புக்குப் பின்னால யார் இருக்காங்கன்னாவது தெரியவேண்டாமா? அந்தக் கறுத்த பக்கத்தைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்க."

கொட்டகை சலசலத்தது. வாசிப்பதா? உருளையார் முன்னும் பின்னும் ஒருமுறை அசைந்தார். "சரி. வாசி."

புத்தகம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "கேட்ச் பிடித்தால் அது பந்தின் பக்கத்தில் எழுதப்படும். கீப்பர் பக்கத்தில் எழுதப்படுவது, அவரைத் தாண்டிப் போய் எதிரணிக்கு ரன் கொடுத்தவை மட்டுமே. முதல் வரி, நான்கு ரன். இரண்டாம் வரி, நான்கு ரன். மூன்றாம் வரி, நான்கு..."

"நிறுத்து, நிறுத்து!"

புதுக் கையுறைகள் விரல்களை மடக்கிக்கொண்டன. "நாங்க பாயத்தானே செஞ்சோம்?"

"பாய்ஞ்சீங்கப்பா. நான் போனதுக்கப்புறம் பாய்ஞ்சீங்க," என்றது பந்து. கொட்டகை சிரித்தது. புதியவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பந்து ஆணியை அண்ணாந்து பார்த்தது. "இவங்களை ஏமாத்தப் பதினாலு வருஷமா நானும் பாக்குறேன். காத்துல வளைஞ்சு, தரையில மோதி, கடைசியில தாழ்ந்து போய்ச் சேருவேன். அங்க இவங்க முன்னாடியே வந்து உக்காந்திருப்பாங்க, 'வாடா, ஏன் இவ்வளவு நேரம்'னு கேக்குற மாதிரி."

"அப்போ மூலையில இருக்குற அந்த ரெண்டு கோடு?" என்றார் உருளையார்.

தம்பி முந்திக்கொண்டான். "அது அண்ணன் விட்டதுங்க."

"டேய்!"

பிறகு நடந்ததை ஊருக்கு ஊர் வேறாகச் சொல்வர். உருளையார் அன்றே எழுத்துப் பயிலத் தொடங்கினார் என்பார் சிலர். வெட்கத்தில் பொழுது சாயும்வரை இருந்த இடம்விட்டு நகரவில்லை என்பார் வேறு சிலர். பட்டியல் எழுதிய விதத்தில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

புத்தகம் பத்துப் பெயர்களை எழுதி முடித்து, பேனாவை மீண்டும் மையில் தோய்த்தது.

"பொறு," என்றார் உருளையார். "பதினாலு வருஷமா சுத்தமா வச்சிருந்திருக்காங்க. அதை நாம கெடுக்கவேண்டாம்."

பதினொன்றாம் வரி வெண்மையாகவே விடப்பட்டது. கப்பல் புறப்பட்ட நாளில் பட்டியலைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட, அது யாருடைய இடம் என்று கேட்கவில்லை.