அரைக் கட்டில் மாப்பிள்ளை

கோணங்காட்டுக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் கையைக் காட்டுவார்கள். காட்டிவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார்கள். அந்த ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவன் இருந்தான். வாட்டசாட்டமான ஆள், நல்ல உழைப்பாளி. ஆனால் படுக்கத்தான் இடமில்லை. அண்ணன் குடும்பமும் அக்கா குடும்பமும் வீட்டை நிரப்பியிருந்ததால், அவன் மாட்டுத் தீவன அறையில் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே சுருண்டுகொள்வான்.

வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்த மூட்டைகளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. கடைசியாக மேலக்கரைக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் செண்பகவடிவு அவன் கேட்காமலே தட்டில் இரண்டாவது வடையை வைத்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த வடையைக் கடிக்கும்போதே ஆவுடையப்பன் முடிவு செய்துவிட்டான்.

பெண்ணின் அப்பா வன்னியப்பெருமாள் கறாரான மனிதர். "மாப்பிள்ளைக்குன்னு தனி அறை வேணும். அதுல கட்டில், பீரோ, கண்ணாடி மூணும் இருக்கணும். வெள்ளிக்கிழமை நான் வீடு பார்க்க வருவேன். ஒண்ணு குறைஞ்சாலும் பேச்சு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டார். மேலக்கரைக்கும் கோணங்காட்டுக்கும் குடிதண்ணீர் ஒரே குளத்திலிருந்துதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆவுடையப்பனும், அண்ணன் சொரிமுத்துவும், அக்காள் புருஷன் பூதத்தானும் வேலையில் இறங்கினார்கள். பின்கட்டில் உரல் கிடந்த சின்ன அறையை ஒழித்தார்கள். முதலில் வர்ணம். "அடிக்கும்போது தெறிக்கும். அறையில இருக்கிற எதுலயும் பெயிண்ட் படாம துணி போட்டு மூடிக்கோங்க" என்று பெயிண்ட் கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

தரையை மூடினார்கள். சொரிமுத்து சுவரைப் பார்த்தான்.

"அத்தான், இது?"

பூதத்தான் யோசித்தார். வீட்டில் மூத்தவர் என்பதால் யோசிப்பது அவர் பொறுப்பு. "சுவரு அறையில இருக்கா, வெளியில இருக்கா?"

"அறையிலதான்."

"அப்ப மூடுலே."

வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் சுவரில் ஆணி வைத்து அடித்து, அதன் மேல் பச்சை வர்ணத்தை வழித்து வழித்துப் பூசினார்கள். காய்ந்ததும் கழற்றினார்கள். சுவரில் ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா மாப்ளே, சொன்னா சொன்னபடி செய்யணும்" என்று பூதத்தான் ஆவுடையப்பன் முதுகில் தட்டினார். அன்று முதல் அந்த வீட்டில் எல்லோரும் பலகை போல விறைத்த பச்சைப் போர்வைக்குள் படுத்தார்கள்.

அடுத்தது கண்ணாடி. கோணங்காட்டில் அதுவரை இருந்த கண்ணாடியெல்லாம் உள்ளங்கை அகலம். சவரம் செய்யும்போது ஒரு கன்னம் தெரியும். மறு கன்னம் அங்கேதான் இருக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். டவுனில் கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார்: "சின்ன அறையா? ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதிச்சிடுங்க. அறை ரெண்டு மடங்கு ஆயிடும்."

"இடிக்காமலா?"

"இடிக்காமத்தான்."

கடை ஆட்கள் வந்து பதித்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் மூவரும் கட்டிலும் பீரோவும் வாங்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்த சொரிமுத்து அப்படியே நின்றுவிட்டான்.

"ஏ ஆவுடை! நெசமாவே ரெண்டு மடங்குலே! ஆனா மறுபாதியில ஆளு குடி வந்துட்டாங்க."

அறைக்கு அப்பால் இன்னொரு அறை. அதன் வாசலில் மூன்று பேர் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"காலி இடம்னா ஆளு வரத்தான் செய்யும்" என்றார் பூதத்தான். "பெரியவர் முகத்துல நல்ல களை இருக்கு. ஆனா அந்த நடு ஆளு, திருட்டு முழி."

"ஆமா அத்தான்" என்றான், நடுவில் நின்ற சொரிமுத்து. "பார்த்தாலே தெரியுது."

கட்டிலைப் போட்டார்கள். அறை நிறைந்துவிட்டது. பீரோவுக்கு இடமில்லை.

"அந்தப் பாதியில போடுவோம்" என்று மூவரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறினார்கள். அந்த மூவரும் ஒரு பீரோவோடு அவர்கள் கட்டில் மேல் ஏறி எதிரே வந்தார்கள்.

"நீங்க முதல்ல வாங்க" என்றார் பூதத்தான். எதிரே நின்ற பெரியவரும் ஏதோ சொன்னார். யாரும் நகரவில்லை. கை கடுத்துப்போய் இவர்கள் இறக்கி வைத்தார்கள். அவர்களும் வைத்தார்கள்.

"பண்பான குடும்பம்" என்றார் பூதத்தான். "அவங்க பீரோ ஒண்ணு இருக்குல்லா? உன் சட்டையை அதுலயே வச்சுக்கிடலாம் மாப்ளே. நம்மளதை வெளியே கொண்டு போவோம்."

வெளியே வைத்துவிட்டு வந்து பார்த்தால் அந்த பீரோவையும் காணோம்.

"அட! நம்மளதை நம்பி அவங்களும் தூக்கிட்டாங்க!" என்று சொரிமுத்து தலையில் கை வைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பீரோ இல்லையென்றால் செண்பகவடிவு இல்லை. "அத்தான், ஏதாவது யோசிங்க" என்று ஆவுடையப்பன் கெஞ்சினான்.

பூதத்தான் கட்டிலைப் பார்த்தார். இந்தக் கட்டில் முடிகிற இடத்தில் அந்தக் கட்டில் தொடங்கியது. "இவ்வளவு நீளத்துக்கு யாரு படுக்கப் போறா? நம்ம பாதியை நாம அறுப்போம், அவங்க பாதியை அவங்க அறுக்கட்டும். ரெண்டும் சேர்ந்தா ஒரு கட்டில். மிச்ச இடத்துல பீரோ."

"அதுக்கு அவங்க சம்மதிக்கணுமே?"

சொரிமுத்து ரம்பத்தோடு வந்தான். எதிரேயும் ஒருவன் ரம்பத்தோடு வந்தான்.

"சம்மதிச்சுட்டாங்க!"

இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் அறுத்தார்கள். கால் இல்லாத முனையைக் காலி பெயிண்ட் டப்பாக்கள் தாங்கின. பீரோவும் உள்ளே வந்தது. இப்போது பார்த்தால் நடுவில் ஒரே கட்டில், பக்கத்துக்கு ஒரு பீரோ. ராஜா வீட்டுப் பள்ளியறை தோற்றுப்போகும்.

வெள்ளிக்கிழமை ஆவுடையப்பன் முகத்துக்குப் பவுடர் போட்டு நின்றான். பாதிப் பவுடர் மூக்கு நுனியில் திரண்டு உட்கார்ந்திருந்தது. வன்னியப்பெருமாள் வந்தார், பார்த்தார்.

"கட்டில் சரி. பீரோ ரெண்டா! பலே. கண்ணாடி எங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். பீரோவைத் திறந்து தேடினார்கள்.

"பதிச்சாச்சுன்னு கடைக்காரன் சொன்னானே" என்றார் பூதத்தான்.

சொரிமுத்து எதிர்ப்பக்கத்து நடு ஆளை முறைத்தான். "அந்தத் திருட்டு முழிப் பயதான் கழட்டியிருப்பான். பாருங்க, பதிலுக்கு முறைக்கான்!"

"கண்ணாடி இல்லாத அறைக்கு என் மகளை அனுப்ப முடியாது" என்று வன்னியப்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஆவுடையப்பனுக்கு வடை கண்ணுக்குள் வந்து போனது. எதிர் அறையில் ஒரு வாலிபனும் அழுகிற முகத்தோடு நிற்பதைப் பார்த்தான். அவன் மூக்கில் இவ்வளவு பவுடர்! 'பாவம், கண்ணாடி இல்லாத கொடுமை' என்று இரக்கப்பட்டு, தன் மூக்கைத் தொட்டுச் சைகை காட்டினான். அவனும் தொட்டான். இப்படித் துடை என்று ஆவுடையப்பன் துடைத்துக் காட்டினான். அவனும் துடைத்தான்.

வன்னியப்பெருமாள் அங்கும் இங்கும் பார்த்தார். "மாப்ளே, உங்க மூக்குலயும் பவுடர் இருந்துது. இப்பப் போயிட்டுது!" துண்டு இடுப்புக்கு இறங்கியது. "அழுக்கைச் சுட்டிக்காட்ட இப்படி ஒரு ஆளு பக்கத்துலயே இருக்கும்போது கண்ணாடி எதுக்குய்யா? தட்டை மாத்துங்க!"

கல்யாணத்துக்கு முதல் தாம்பூலம் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். தட்டை நீட்டினால், அவர்களும் தட்டை நீட்டினார்கள்.

"அவங்க வீட்டுலயும் கல்யாணமா? அதே நாளா?" என்று சொரிமுத்து திகைத்தான்.

"அப்ப முகூர்த்தத்தை இந்த அறையிலயே வச்சிடுவோம்" என்றார் பூதத்தான். "அவங்க கல்யாணத்துக்கும் போன மாதிரி ஆச்சு."

அப்படியே நடந்தது. ஊர் மொத்தமும் அந்த அறைக்குள் பிதுங்கியது. இங்கே தாலி ஏறியபோது அங்கேயும் ஏறியது. அந்த ஜோடிக்குத் தூவிய அட்சதை மட்டும் எல்லாம் இந்தப் பக்கமே விழுந்தது.

விருந்துக்கு எல்லோரும் பந்தலுக்குப் போனார்கள். வன்னியப்பெருமாள் மட்டும் அறையில் நின்று, எதிர்ப்பக்கத்துப் பெரியவரைக் கும்பிட்டார். "நீங்க வந்து கை நனைக்காம நான் சாப்பிட மாட்டேன்." அந்தப் பெரியவரும் அதே அளவு குனிந்து கும்பிட்டார்.

"ரொம்ப வற்புறுத்துதார்" என்று, கூப்பிட வந்தவர்களிடம் வன்னியப்பெருமாள் திரும்பாமலே சொன்னார். "ஆனா நான் பெண்ணைப் பெத்தவன். விடமாட்டேன்."

பந்தி முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். படுக்கும் நேரமும் வந்தது. இருவரும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் புது மாப்பிள்ளை பெண்ணை மாட்டுத் தீவன அறைக்கு அழைத்துப் போனான். பருத்திக்கொட்டை மூட்டைகளை ஒதுக்கி, பச்சைப் போர்வையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான்.

செண்பகவடிவு மடியிலிருந்து இரண்டு வடைகளை எடுத்து அவனிடம் கொடுத்தாள். பிறகு மூட்டைகளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அறை கொஞ்சம் சின்னதுதான்" என்றாள். "ஒரு கண்ணாடி வைப்போமா? மூட்டையில பாதியை அந்தப் பக்கம் தள்ளிடலாம்."