திரும்பி நடக்கும் ஆள்

ரஹிமாவிடம் பறவைப் படம் எடுக்கக் கற்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். தேசியப் பூங்காவின் உள்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். ஒருத்தி பெனிட்டா. இன்னொருவர் கோமதிநாயகம், ஓய்வு பெற்ற பிறகு கேமரா வாங்கியவர், குருவைவிட வயதில் மூத்த சீடர்.

இருவாச்சிப் பறவையின் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சோடு இருந்தது. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். எதிரே துணி மறைப்பு கட்டியிருந்தார்கள். ஆள் நுழைவதைப் பார்த்துவிட்டால் ஆண் கிட்டே வராது. ஆனால் எத்தனை பேர் என்று எண்ண அதற்குத் தெரியாது. அதனால் இருவர் நுழைவார்கள், ஒருவர் அது பார்க்கத் திரும்பி நடப்பார். ஆள் போயாச்சு என்று நம்பி அது வந்துவிடும்.

தினமும் உள்ளே உட்கார்ந்தது பெனிட்டா. திரும்பி நடந்தது கோமதிநாயகம். அவள் படங்களை எல்லாரும் மெச்ச மெச்ச அவருக்கு வயிறு எரிந்தது. அவள் தும்மினால்கூடத் தன்னைக் கேலி செய்வதாகப் பட்டது.

"டீச்சர், பறவை ஏன் அவளுக்கே வருது? எனக்கு வழியனுப்புற வேலை மட்டுந்தானா?"

"நாளைக்கு நீங்க உக்காருங்க சார். பெனிட்டா உங்ககூட வரட்டும்."

அவள் எதற்கு? படத்தில் பங்கு கேட்பாள். விடிந்ததும் தனியாகவே போய் நுழைந்தார்.

ஆண் பார்த்துவிட்டது. அத்திப்பழத்தை அலகில் வைத்துக்கொண்டு தூரத்துக் கிளையிலேயே உட்கார்ந்துவிட்டது. வெயில் ஏறியது. பொந்துக்குள் குஞ்சு கத்தத் தொடங்கியது. எழுந்து போய்விட்டால் பறவை வரும். அது அவருக்கும் தெரியும். வெறுங்கையோடு போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அசையாமல் இருந்தார்.

துணி விலகியது. பெனிட்டா குனிந்து உள்ளே வந்தாள்.

"குஞ்சு கத்துறது கூடாரம் வரைக்கும் கேக்குது அங்கிள். உங்க தொப்பியைக் குடுங்க."

வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெட்டவெளியில் மெல்ல நடந்து போனாள்.

இருவாச்சி வந்தது. அவர் விரல் கேமராவை விட்டு எடுபடவில்லை.

மூச்சிரைக்க ஓடிவந்து ரஹிமாவிடம் படத்தைக் காட்டினார்.

"பாருங்க டீச்சர்! எனக்கும் வந்துச்சு!"

ரஹிமா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு வரல சார். நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சு, குஞ்சுக்கு வந்துச்சு."