வகுபடாத ராஜா

கொடுமலை ராஜா அதிரவேளுக்குப் புகழ்ச்சி என்றால் பலாச்சுளை மாதிரி. யார் நீட்டினாலும் வாயைத் திறந்துவிடுவார்.

அன்றைக்கு அவருடைய நாற்பத்தொன்பதாவது பிறந்தநாள். வழக்கப்படி, வயதுக்கு ஒருவராக வேல்வீரர்கள் முற்றத்தில் ஒற்றை வரிசையில் நின்றார்கள். ஆஸ்தானக் கணிதர் திருமலைக்கொழுந்தார் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா! அந்த வேல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஒன்று! நாற்பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் எப்பேர்ப்பட்ட எண்! இரண்டால் வகுத்தேன், மூன்றால் வகுத்தேன், நூறு வரைக்கும் பார்த்துவிட்டேன். மீதி வந்துகொண்டே இருக்கிறது. எதனாலும் வகுபடாத எண்! யாராலும் பிளக்க முடியாத தங்களைப் போல!"

ராஜா மீசையை முறுக்கினார். "கோட்டை வாசலில் செதுக்குங்கள்!"

களுக்கென்று ஒரு சிரிப்பு. வடிவம்மை. அந்தச் சபையில் ஆசனம் உள்ள ஒரே பெண். அந்த ஆசனத்தில் தன் மருமகனை உட்காரவைக்கக் கொழுந்தாருக்கு வெகுநாள் ஆசை.

"என்னம்மா சிரிப்பு?"

"நூறு வரைக்கும் பார்த்தால் போதுமா ஐயா? கிணற்றில் கை எட்டுகிற வரை துழாவிவிட்டுத் தண்ணீரே இல்லை என்பதா?"

"அப்படியா! மகாராஜா வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நீ வகுத்துக் காட்டு. முடியாவிட்டால் ஆசனத்தைக் காலி செய். அடுப்படியில் போய்ப் பருப்பு எண்ணு!"

வடிவம்மைக்குக் காது சுட்டது. வகுக்காவிட்டால் ஆசனம் போகும். வகுத்தாலோ, ராஜாவையே பிளந்தாள் என்று தலை போகும். ஆனால் தப்பைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் என்றைக்கு முடிந்தது? அம்மாவே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ராஜா வெற்றிலையை மடித்தார்.

"தளபதி அண்ணா," என்றாள் வடிவம்மை, "பரிசு வாங்கும்போது வீரர்கள் எப்படி நிற்பார்கள்?"

"நம் நாட்டில் மலை ஏழாச்சே, தாயி. மலைக்கு ஒருவராக ஏழேழு பேர்தான். போன வருஷம் கடைசி வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. இந்த வருஷம் நிறைவு!"

"நிற்கச் சொல்லுங்கள்!"

தடதடவென்று ஏழு வரிசைகள்.

"ஐயா, முதல் வரிசையைப் படியுங்கள்."

"ஏழு ஒன்றுகள். பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று."

"இரண்டாவது?"

"அதேதான்."

"மூன்றாவது?"

கொழுந்தாரின் குரல் இறங்கியது. "அதே..."

"எல்லா வரிசையும் ஒரே எண்! அதனதன் இடத்துக்கேற்பப் பின்னால் பூஜ்யங்கள்தான் கூடும். பூஜ்யம் சேர்ந்தால் வகுபடாமல் போகுமா? ஆக, மொத்தமும் அந்தப் பதினோரு லட்சத்துச் சொச்சத்தால் மீதியில்லாமல் வகுபடும்!"

கொழுந்தார் விடவில்லை. "பார்த்தீர்களா மகாராஜா! தங்களையே வகுத்துவிட்டாள்! ராஜத் துரோகம்!"

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். முகம் கறுத்தது.

"மகாராஜா," என்றாள் வடிவம்மை, "வகுபடுவது என்றால் என்ன? எல்லோருக்கும் சமமாகப் பங்கு கொடுப்பது. வகுபடாத எண் என்ன செய்யும்? வந்து கேட்டவர்களுக்கெல்லாம் 'இல்லை, இல்லை' என்று கையை விரிக்கும். அப்படியொரு கஞ்ச எண்ணைத்தான் தங்கள் பெயரால் வாசலில் செதுக்கப் பார்த்தார், இவர்!"

"கஞ்சனா? நானா?" ராஜாவுக்கு வெற்றிலை புரையேறியது. இருமினார், சிரித்தார், மறுபடி இருமினார். "ஏழு வரிசையாகவே செதுக்குங்கள்! வடிவம்மையின் ஆசனத்தை என் பக்கத்தில் போடுங்கள். எல்லோரும் விருந்துக்கு வாருங்கள், பலாப்பழப் பாயசம்!"

பந்தியில் முதல் இலை கொழுந்தாருடையது. பாயச அண்டா வந்தது. அகப்பை உயர்ந்தது.

"அண்ணே, நில்லுங்கள்!" என்றாள் வடிவம்மை. "ஐயாவுக்குப் பங்கு போட்டால் பிடிக்காது. அண்டாவை வகுக்காமல் அப்படியே முன்னால் வையுங்கள். பார்த்துக்கொண்டே இருக்கட்டும்!"