சொட்டு எண்ணிய செண்பகவடிவு

இது நான் கண்டதல்ல, கேட்டது. கல்லூரி ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் செண்பகவடிவு லேபிள்களையும் சேர்த்துக் கழுவிவிட்டாளென்று துறைத்தலைவர் ஞானதுரை மாணவர்கள் முன்னால் குதித்தார். இரண்டு பாட்டில்களை நீட்டினார்.

“ஒண்ணு தண்ணி, ஒண்ணு ஸ்பிரிட். மோந்து பார்க்காம, கொளுத்தாம எது எதுன்னு சொல்லு. தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

அவள் இரண்டிலும் ஒவ்வொரு மில்லி எடுத்து, டிராப்பரால் சொட்டவிட்டு எண்ணினாள்.

“ஐயா, தண்ணி ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிடும், பெருஞ்சொட்டா விழும். ஸ்பிரிட்டுக்குப் பிடிப்பு கம்மி, பொடிப்பொடியா உதிரும். இங்க ரெண்டுமே இருபது சொட்டுதான். ரெண்டும் தண்ணி. ஸ்பிரிட்டை எங்க ஒளிச்சு வச்சீங்க?”

மாணவர்கள் சிரிக்க, ஞானதுரை தன் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

பிறகு நானும் எண்ணிப் பார்த்தேன். ஒரு மில்லி தண்ணீர் இருபது சொட்டு. ஸ்பிரிட் ஐம்பதைத் தாண்டியது.